போர்டில 50 எண்டு விழுந்தா என்ன செய்ய வேணும்? மாறுற ஸ்பீட் லிமிட் உள்ள றோட்டில முதல்தரம் ஓடப்போற எங்கட ஆக்களுக்கு

போன கிழமை உப்புவெளியில எங்கட ஒழுங்கைத் தங்கச்சி ஒராள் வீட்டுக்கு வந்தவ. இங்கிலாந்துக்குப் போக விசா சரிவந்திட்டுது, அங்க வீடு வீடாப் போய் வயசான ஆக்களைப் பாக்கிற வேலை எண்டபடியா கார் ஓடியே ஆகவேணுமாம். திருகோணமலையில இருந்து கொழும்புக்கு நாலைஞ்சு தரம் தனிய ஓடினவ, றோட்டுக்குப் பயமில்லாத பிள்ளை. ஹைவேக்கு மேல லைட்டில நம்பர் காட்டுற போர்டுகள் வாற ஒரு வீடியோவைப் போனில காட்டிக் கேட்டா: "அண்ணா, இந்த போர்டில முதல் 60 வருது, பிறகு 50, பிறகு 40. முன்னுக்கு ஆக்சிடென்டும் இல்லை, றோட்டு வேலையும் இல்லை. பிறகேன் எல்லாரும் மெதுவாப் போகினம்?"

இதே கேள்வி எனக்கும் இருந்தது. நான் அங்க ஆறு வருஷம் டெலிவரி வான் ஓடினனான், லண்டனைச் சுத்தி ஓடுற எம் 25 றோட்டில கிழமைக்கு நாலு நாளாவது ஏறி இறங்குவன், ஆனா முதல் மாசம் கேக்கிறதுக்கு ஒருத்தரும் இருக்கேல்லை, கேக்காததால பைனும் கட்டினன், அந்தக் கதையைக் கீழ சொல்லுறன். இப்ப எங்கட ஊரில இருந்து கனபேர் போகினம், அதால ஒருக்கா வடிவா எழுதி வைப்பம் எண்டு நினைச்சன்.

முதல்ல ஏன் எண்டதை விளங்கிக்கொள்ளுங்கோ

இது விளங்காட்டி கமரா இருக்கிற இடத்தில மட்டும் பிரேக் அடிச்சிட்டு அங்கால பிறகும் மிதிப்பீங்கள், அது எல்லாத்திலும் மோசம்.

நீண்ட லீவு வந்தா எங்கட திருகோணமலைக் கோட்டை வாசல் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். கோணேசர் கோயிலுக்குப் போற வான், கார், ஓட்டோ எல்லாம் அந்தக் கல் வாசலுக்குள்ளாலதான் நுழைய வேணும், ஒரு நேரத்தில ஒரு வாகனம்தான் போகும். நான் ஒருநாள் வாசலுக்குப் பக்கத்தில ஒரு மரத்துக்குக் கீழ நிண்டு கனநேரம் பாத்தன். கொஞ்சம் இடைவெளி விட்டு ஆறுதலா வந்த வாகனங்கள் நிக்காமலே உள்ள போச்சுது. பிறகு ஒரு வான் கெதியா வந்து வாசலுக்குக் கிட்ட பிரேக் அடிச்சுது, பின்னுக்கு வந்த ரெண்டு ஓட்டோ அதை விலத்திக்கொண்டு முன்னுக்கு மூக்கை நீட்டிச்சுது, உள்ளுக்கிருந்து வந்த கார் வெளியில வரேலாம நிண்டிட்டுது. அவ்வளவுதான். ஒருத்தரும் உள்ளயும் போகேல்லை, வெளியிலயும் வரேல்லை. வாசல் அதே வாசல்தான், முந்தி நிமிஷத்துக்கு அஞ்சாறு வாகனத்தை விட்டது, இப்ப ஒண்டையும் விடேல்லை.

ஹைவேலயும் இதுதான் நடக்குது. ஒரு லேனில முன்வாகனத்துக்கும் உங்களுக்கும் ரெண்டு செக்கன் இடைவெளி விட்டு ஓடினா, மணித்தியாலத்துக்கு 3600 செக்கன், ரெண்டால பிரிச்சா 1800 வாகனம். நல்ல றோட்டில நெருக்கமா ஓடினா ஒரு லேனுக்கு 2000 வாகனத்துக்கு மேலயும் போகும். அதுக்கு மேல வாகனம் வந்து நெருக்கத் தொடங்கினா ஆராவது ஒராள் பிரேக்கைத் தொடுவார், பின்னுக்கிருக்கிறவர் இன்னும் கொஞ்சம் கூட அடிப்பார், அதுக்குப் பின்னால வாறவர் இன்னும் கூட, இப்பிடியே போய் ஒரு கிலோமீட்டருக்கு அங்கால ஒராள் முழுசா நிண்டிடுவார். நிண்ட வாகனம் திரும்ப எழும்பி ஓட நேரம் எடுக்கும், அதால ஒருக்கா ட்ரபிக் உடைஞ்சிட்டா அதே றோட்டு முந்தி விட்ட அளவு வாகனத்தை விடாது, பத்து வீதம் மட்டில குறைஞ்சிடும். வாகனம் ஆகக்கூட வாற நேரத்தில றோட்டு ஆகக்குறைய விடுது. அதாலதான் ஒரு காரணமுமில்லாம அரை மணித்தியாலம் நிண்டிட்டுப் பிறகு பாத்தா முன்னுக்கு ஒண்டுமே இருக்காது.

இதை ஜப்பானில செஞ்சு காட்டியிருக்கினம். 230 மீட்டர் சுத்தளவுள்ள ஒரு வட்ட றோட்டில 22 காரை விட்டு எல்லாரும் 30 கிலோமீட்டர் வேகத்தில போங்கோ எண்டு மட்டும் சொன்னவை, 2008 ல அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. வளைவில்லை, சிக்னல் இல்லை, ஒருத்தரும் குறுக்க வரேல்லை. கொஞ்ச நேரத்தில ஒரு இடத்தில கார்கள் நிண்டிட்டுது, அந்த நிக்கிற இடம் மணிக்கு 20 கிலோமீட்டர் மட்டில பின்பக்கமா நகர்ந்து கொண்டே இருந்தது. காரெல்லாம் முன்னுக்குப் போகுது, நெரிசல் பின்னுக்கு வருது. நீங்கள் எம் 25 ல போய் முட்டுற நெரிசலும் அப்பிடித்தான், அது உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கு, போர்ட் அதை உங்களுக்கு முதலே சொல்லுது.

கந்தளாய்ப் பக்கம் வயல் செய்யிற ஆக்களுக்கு இன்னும் லேசா விளங்கும். குளத்துத் துருசை ஒரேயடியா முழுசாத் திறந்தா வாய்க்கால் தாங்குமோ? கரை உடைஞ்சு கடைசி வயலுக்குத் தண்ணி போகாது. அளவாத் திறந்து விட்டாத்தான் கடைசி வரம்பு மட்டும் போய்ச் சேரும். ஹைவேக்கு மேல நிக்கிற அந்த நம்பர் போர்ட் துருசுதான். நெரிசல் தொடங்கிற இடத்துக்கு நாலைஞ்சு கிலோமீட்டர் பின்னுக்கே வேகத்தைக் குறைச்சா அந்த இடத்துக்குப் போய்ச் சேருற வாகனம் குறையும், முன்னுக்கு நிக்கிறது கரைய நேரம் கிடைக்கும். இன்னொண்டு, எல்லா லேனும் ஒரே வேகத்தில போனா லேன் மாறி முந்திற ஆசை குறையும், திடீர் பிரேக்கும் குறையும்.

இந்த நம்பரை ஆர் போடுறது? றோட்டுக்குக் கீழ ஏறக்குறைய ஒவ்வொரு 500 மீட்டருக்கும் கம்பிச் சுருள் புதைச்சிருக்கினம், சில இடத்தில ரேடார். எத்தினை வாகனம், என்ன வேகம் எண்டு அதுகள் எண்ணிக் கொடுக்க கம்பியூட்டர் நம்பரை மாத்தும், இங்கிலாந்தில இந்த அமைப்புக்கு மைடாஸ் எண்டு பேர். கொன்ட்ரோல் ரூமில இருக்கிற ஆக்களும் விபத்து, றோட்டில விழுந்த சாமான், ஓடித்திரியிற நாய் எண்டு பாத்துக் கையால மாத்துவினம். எம் 25 ல இது 1995 ல, 10 ஆம் சந்திக்கும் 15 ஆம் சந்திக்கும் இடையில தொடங்கினது. அந்த நேரம் வச்ச கணக்கு, ஒரு லேனில மணிக்கு 1650 வாகனத்தைத் தாண்டினா 60, 2050 ஐத் தாண்டினா 50. இந்த நம்பரைப் பாத்தா ஒரு விஷயம் விளங்கும், நெரிசல் வந்த பிறகு குறைக்கிறேல்லை, வரமுதலே குறைக்கினம். அதாலதான் தங்கச்சியின்ர வீடியோவில முன்னுக்கு ஒண்டும் தெரியேல்லை.

நேரம் எவ்வளவு போகும் எண்டும் பாப்பம். 8 கிலோமீட்டரை மணிக்கு 112 கிலோமீட்டரில, அதாவது போர்டில 70 மைல், ஓடினா நாலேகால் நிமிஷம், 80 கிலோமீட்டரில, அதாவது போர்டில 50 மைல், ஓடினா ஆறு நிமிஷம். ஒண்டே முக்கால் நிமிஷம்தான் வித்தியாசம்.

ஒண்டை மறைக்காமச் சொல்ல வேணும். இது மந்திரமில்லை. றோட்டுத் தாங்கிறதை விடக் கனக்க வாகனம் வந்தா போர்ட் என்ன சொன்னாலும் நெரிசல் வரும், அதைக் கொஞ்சம் பிந்தப் பண்ணும், கெதியாக் கரைய வைக்கும், முக்கியமா பின்னால வந்து இடிக்கிறதைக் குறைக்கும். எனக்கு அந்தக் கடைசிக் காரணம் ஒண்டே போதும்.

சரி, இப்ப ஓடப்போறீங்கள்

ஏறமுதல் மைலைக் கிலோமீட்டராக்கிப் பழகுங்கோ. இங்கிலாந்தில போர்ட் மைல் கணக்கு. 70 எண்டா 112 கிலோமீட்டர், 60 எண்டா 96, 50 எண்டா 80, 40 எண்டா 64. அங்கத்தைக் காரின்ர மீட்டரும் மைலில இருக்கும், ஆனா எங்கட மண்டை கிலோமீட்டரில ஓடும். போய் இறங்கின புதுசில ஒரு பெடியன் 50 ஐக் கண்டு எங்கட 50 எண்டு நினைச்சு ஊர்ந்ததையும், பின்னால வந்த லொறி லைட்டை அடிச்சு அடிச்சு வந்ததையும் நான் பக்கத்து சீட்டில இருந்து பாத்தனான். மெதுவாப் போனாலும் ஆபத்துத்தான். ஜெர்மனி, சுவிஸ், பிரான்ஸ் பக்கம் போற ஆக்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அங்க கிலோமீட்டர்தான், ஆனா வலப்பக்கம் ஓட வேணும்.

அடுத்தது போர்டை வாசிக்கிறது, இதிலதான் கனபேர் மாட்டுறவை. நம்பரைச் சுத்திச் சிவப்பு வட்டம் இருந்தா அது சட்டம், அதுக்கு மேல ஓடினா கமரா பிடிக்கும். வட்டமில்லாம நம்பர் மட்டும், பக்கத்தில மஞ்சள் லைட் மின்னி மின்னி எரிஞ்சா அது ஆலோசனை, எண்டாலும் காரணமில்லாமப் போடமாட்டினம், கேளுங்கோ. வெள்ளை வட்டத்தில குறுக்கால கறுப்புக் கோடு வந்தா மாறுற லிமிட் முடிஞ்சுது, வழமையான லிமிட், மோட்டர்வேல காருக்கு 70. போர்ட் ஒண்டுமே காட்டாமக் கறுப்பா இருந்தாலும் அதே வழமையான லிமிட்தான். சிவப்பு எக்ஸ் அடையாளம் உங்கட லேனுக்கு மேல வந்தா அந்த லேன் பூட்டியாச்சு. முன்னுக்கு வெறுமையா இருந்தாலும் ஓடக்கூடாது, ஆராவது கார் பழுதாகி நிக்கலாம், றோட்டில ஆள் நிக்கலாம். சில மோட்டர்வேல பழுதான வாகனம் நிப்பாட்டுற ஓரத்தையும் லேனாக்கிப் போட்டினம், அதால உள்ளுக்குப் பழுதாகி நிக்கிற ஒராளுக்கு அந்த எக்ஸ் மட்டும்தான் காவல். அப்பிடிப்பட்ட புது றோட்டுகள் செய்யிறதை 2023 ல அரசாங்கம் நிப்பாட்டினது, ஆனா செஞ்சது எல்லாம் இன்னும் பாவனையில இருக்கு. செம்மஞ்சள் நிறம் பூசின ஒதுக்கிடங்கள் வரும், உங்கட கார் மக்கர் பண்ணினா அங்க மட்டும் போய் நிப்பாட்டுங்கோ.

நம்பர் குறைஞ்சதைக் கண்டா செய்ய வேண்டியது இது. பிரேக்கை மிதிக்காதீங்கோ. முதல் அக்சிலேட்டரில இருந்து காலை எடுங்கோ, கண்ணாடியில பின்னுக்குப் பாருங்கோ, பின்னுக்கு வாறவர் கிட்ட எண்டா பிரேக்கை மெல்லத் தொட்டு லைட்டை மட்டும் எரிய விடுங்கோ, பிறகு கார் தானா வேகம் குறைஞ்சு வரும். 70 இல இருந்து 60 க்கு வர காலை எடுத்தாலே போதும். போர்டைக் கண்டு நீங்களே ஓங்கிப் பிரேக் அடிச்சா நான் மேல சொன்ன அந்தப் பின்பக்க அலையை நீங்களே தொடக்கி வைக்கிறீங்கள்.

வேகம் குறைஞ்ச உடன முன் வாகனத்தோட ஒட்டிக்கொண்டு போறது எங்கட பழக்கம், அதை விட வேணும். அங்கத்தை றோட்டுச் சட்டப் புத்தகத்தில நிக்கிற தூரம் போட்டிருக்கு, 70 மைலில நிப்பாட்ட 96 மீட்டர் வேணும், 50 மைலில 53 மீட்டர். மழை எண்டா இன்னும் கூட. ரெண்டு செக்கன் இடைவெளி காய்ஞ்ச றோட்டுக்கு, மழைக்கு அதை இரட்டிப்பாக்குங்கோ. அந்த இடைவெளிக்குள்ள ஒராள் பூந்திட்டார் எண்டா கோவப்படாதீங்கோ, காலை எடுத்துத் திரும்பவும் இடைவெளியை உண்டாக்குங்கோ, ஒரு நாளைக்குப் பத்துப் பேர் பூந்தாலும் நீங்கள் இழக்கிறது இருபது செக்கன்தான். நான் இதைப் பழக ஒரு வருஷம் எடுத்தது, பழகின பிறகுதான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா கால் நோ இல்லாம இருந்தது.

லேன் மாறாதீங்கோ. பக்கத்து லேன் கெதியாப் போற மாதிரித் தெரியும், அது கண்ணுக்கு அப்பிடித்தான். மாறினா ரெண்டு லேனிலயும் ஆராவது பிரேக் அடிக்க வேணும். இறங்கிற சந்தி வருது எண்டா மட்டும் நேரத்தோட மாறுங்கோ.

போனில இருக்கிற மெப்பை லிமிட்டுக்கு நம்பாதீங்கோ. அது வழமையான 70 ஐத்தான் கூடுதலாக் காட்டும், மேல போர்டில 50 விழுந்தது அதுக்குத் தெரியாமலும் இருக்கும். போர்ட் என்ன சொல்லுதோ அதுதான் லிமிட். ஒரு போர்டில இருந்து அடுத்த போர்ட் மட்டும் அதே நம்பர், இடையில உங்கட எண்ணத்துக்குக் கூட்டக்கூடாது.

என்ர பைன் கதை

விடிய அஞ்சு மணி இருக்கும், போய் ரெண்டாம் மாசம். றோட்டில வாகனம் அருமையா இருந்தது, போர்டில சிவப்பு வட்டத்தோட 50. இரவு ஏதோ வேலைக்குப் போட்டதை எடுக்க மறந்திட்டினம் எண்டு நானே முடிவெடுத்து 67, 68 இல போனன். ஒரு மைலுக்கு அங்கால நடு லேனில பெரிய லொறி டயரின்ர துண்டுகள், ஒரு துண்டு என்ர கை நீளம் இருக்கும். மயிரிழையில விலத்தினன், பின்னுக்கிருந்த பெட்டியெல்லாம் சரிஞ்சு விழுந்தது. வானை ஓரமா எடுக்கேலாது, கை நடுங்க நடுங்க ஓடினன். அந்த 50 ஐ ஒராள் எங்கயோ ஒரு அறையில இருந்து எனக்காகத்தான் போட்டிருக்கிறார், நான் அவரை நம்பேல்லை. பைன் கடிதம் பிறகு வந்தது, ஆனா எனக்கு இண்டைக்கும் ஞாபகம் வாறது அந்த டயர்தான்.

கடிதம் வாற முறையையும் சொல்லுறன், தெரியாமப் பயந்து ஒளிக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். கமரா பிடிச்சா வாகனம் ஆரின்ர பேரில பதிஞ்சிருக்கோ அவருக்கு 14 நாளுக்குள்ள கடிதம் போகும். வேலை வாகனம் எண்டா கொம்பனிக்குப் போய், அவை உங்கட பேரைச் சொல்ல, பிறகு உங்களுக்கு வரும். ஓடினது ஆர் எண்டு 28 நாளுக்குள்ள எழுதி அனுப்ப வேணும், அனுப்பாம விட்டா அது ஸ்பீடை விடப் பெரிய குற்றம். குறைஞ்ச தண்டம் 100 பவுண், லைசன்சில 3 குற்றப் பொயின்ட். கொஞ்சமாத்தான் கூட ஓடினது எண்டா அதுக்குப் பதிலா ஒரு வகுப்புக்குப் போகச் சொல்லிக் கேப்பினம், மூண்டு வருஷத்துக்குள்ள முந்திப் போகாட்டித்தான். அந்த வகுப்பு கிடைச்சா விடாதீங்கோ, பொயின்ட் விழாது, படிப்பிக்கிறதும் நல்லது. சிவப்பு எக்ஸ் லேனில ஓடினாலும் அதே 100 பவுண், 3 பொயின்ட்.

புதுசாப் போற ஆக்களுக்கு இது இன்னும் முக்கியம். எங்கட இலங்கை லைசன்ஸ் அங்க போய்க் குடியிருக்கத் தொடங்கி 12 மாசம் மட்டும்தான் செல்லும், மாத்தித் தரமாட்டினம், திரும்ப எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் எடுக்க வேணும். அப்பிடி எடுத்த முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள 6 பொயின்ட் விழுந்தா லைசன்சையே பறிச்சுப் போடுவினம், ரெண்டு தரம் போர்டைக் கவனிக்காம விட்டா அவ்வளவும் போச்சு, வீடு வீடாப் போற கெயார் வேலைக்காரருக்கு அதோட வேலையும் போச்சு.

இங்க ஓடுற ஆக்களுக்கும் ஒரு வார்த்தை

திருகோணமலையில இருந்து ஏ 6 ஆல கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை தாண்டிக் குருநாகலுக்குப் போனா இப்ப மீரிகமை மட்டும் எக்ஸ்பிரஸ்வேல ஏறலாம், 2022 ஜனவரியில திறந்தது. தெற்குப் பக்கம் 2011 நவம்பரில கொட்டாவையில இருந்து காலி மட்டும் திறந்ததுதான் முதல் எக்ஸ்பிரஸ்வே. லிமிட் 100. மழை நேரத்தில 60 க்குக் குறைக்கச் சொல்லி அறிவிப்பினம், அதுவும் மாறுற ஸ்பீட் லிமிட்தான், காரணம் மட்டும்தான் வேற. மழை விழ விழ 100 இலயே போற ஆக்களைக் கண்டா எனக்கு நெஞ்சு பதறும். தண்ணிக்கு மேல டயர் மிதந்தா ஸ்டியரிங் பிரேக் ஒண்டும் கேக்காது. வைப்பரைக் கெதியாப் போட வேண்டி வந்தா அதோட காலையும் எடுங்கோ, அறிவிப்பு வரும்மட்டும் பாத்துக்கொண்டு இருக்காதீங்கோ. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில போர்ட் ஒண்டும் மாறாது, ஆனா எதிர்ப்பக்கத்தால வாறவர் லைட்டை அடிச்சுக் காட்டினா அங்க யானை நிக்குது எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும், தூரத்திலயே காலை எடுப்பம். அதே பழக்கம்தான், அதை போர்டுக்கும் குடுங்கோ.

போகமுதல் இங்கயே பழகலாம். தங்கச்சியை நான் இப்ப பின்னேரத்தில நிலாவெளி றோட்டில ஓட விடுறன். முன் வாகனம் ஒரு லைட் போஸ்டைத் தாண்டேக்க "ஆயிரத்து ஒண்டு, ஆயிரத்து ரெண்டு" எண்டு வாய்விட்டு எண்ண வேணும், எண்ணி முடியமுதல் அந்தப் போஸ்ட் வந்திட்டா இடைவெளி காணாது. முதல் நாள் "ஆயிரத்து ஒண்" எண்டேக்கயே போஸ்ட் வந்திட்டுது. நான் பக்கத்தில இருந்து திடீரெண்டு "ஐம்பது", "நாப்பது" எண்டு சொல்லுவன், அவ பிரேக்கைத் தொடாம, கண்ணாடியைப் பாத்துக் காலை எடுத்து அந்த வேகத்துக்கு வர வேணும். நேற்று இறக்கக்கண்டிக்குக் கிட்ட பஸ் ஒண்டு எங்களை முந்திக்கொண்டு வந்து அந்த இடைவெளிக்குள்ள பூந்தது. அவ ஒண்டும் சொல்லேல்லை, காலை எடுத்தா, திரும்ப எண்ணத் தொடங்கினா.